நான்காவது பந்துக்கு நேர் கீழே

மழைக்காலத்தில் ஜமுனாவுக்கு எதிர்க்கரை கிடையாது.
பதினொரு கோபுரங்கள் உண்டு,
லுங்கியை மடித்துக் கட்டி
ஆற்றுக்குள் இறங்கியபின்
நடுவழியில் யோசனை மாறி
நின்றுவிட்டவை போல.

இப்போது சைத்ர மாதம். நீர் மெலிந்திருக்கிறது.
என் வேலை சுலபம்.
கம்பி எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று
வருடத்துக்கு ஒருமுறை படகிலிருந்து அளப்பது.
வெயில் ஏறினால் கம்பி நீளும்.
டாக்காவில் எல்லோரும் மின்விசிறியைப் போட்டால்
இன்னும் ஒரு சாண் இறங்கும்.
காலையில் எடுத்த கணக்கு மதியத்துக்கு ஆகாது.

தபாரக் எஞ்சினை அணைத்தார்.
அந்த இரைச்சல் நின்றபின்
மேலே இன்னோர் இரைச்சல்,
எண்ணெய் காய்ந்த சட்டியில்
கடுகு போடுவதற்குச் சற்று முன் கேட்பது.

வழியில் கை காட்டி ஏறியவள்
மொர்ஜினா பேவா.
பை இல்லை, ஆடு இல்லை,
படகில் பாதி நீளத்துக்கு ஒரு மூங்கில்.

ஆறாம் கோபுரத்துக்கும் ஏழாவதற்கும் நடுவே
உச்சிக் கம்பியில்
விமானங்களுக்காகக் கோத்த ஆரஞ்சுப் பந்துகள்.
விரல் நீட்டி எண்ணினாள்.
"வடக்கே. இன்னும் கொஞ்சம். இன்னும்.
நிறுத்து."
தபாரக் கழியை ஊன்றினார்.

நான்காவது பந்துக்கு நேர் கீழே
அவளுடைய முற்றம் இருந்ததாம்.
காற்றடித்தால் பந்தின் நிழல் ஆடும்.
பருந்தென்று நினைத்துக் குஞ்சுகள் சிதறும்,
தினமும், புதிதாக.

நிலம் ஒரே இரவில் போகவில்லை.
நாலு நாள் எடுத்துக்கொண்டது.
கூரைத் தகரங்களைக் கழற்ற அவகாசம் கொடுத்தது.
"அந்த மட்டுக்கும் நல்ல ஆறு" என்றாள்.
அதே தகரம் இதுவரை ஏழு மணல்திட்டுகளில்
வீடாகியிருக்கிறது.
ஆணித் துளைகள்தான் பெருகிவிட்டன,
மழை எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுகிறது.

இல்லாத நிலத்துக்கு இன்னமும் வரி கட்டுகிறாள்.
ரசீதுகள் பாலித்தீன் உறையில், இடுப்பில்.
எல்லைக் கல் போயிற்று.
பள்ளிவாசல் போயிற்று.
அளந்து கொடுத்த அமீனும் போய்ச் சேர்ந்தார்.
சாட்சிக்கு ஒரு பந்து.

மூங்கிலை இறக்கினாள்.
தரை தட்டியதும் இழுத்து
ஈரம் ஏறிய வரைக்கும் முழம் போட்டாள்.
போன சைத்ரத்தில் பதினொன்று. இப்போது ஆறு.
"வருகிறது" என்றாள்,
தாமதமான பஸ்ஸைப் பற்றிச் சொல்வது போல.

நான் மேலிருந்து கீழே அளக்கிறேன்.
அவள் கீழிருந்து மேலே.
மண் எழுந்து வெளியே வந்தால்
என் கணக்கில் இடைவெளி குறையும்.
குறைந்தால் ஒரு கடிதம் போகும்:
கம்பிக்கு அடியில் குடியிருப்பு கூடாது.
கீழே இருப்பது என் கையெழுத்தாகவும் இருக்கலாம்.

படிவத்தை எடுத்துப் பார்த்தேன்.
நீர்மட்டம் வரைக்கும்தான் கட்டம் போட்டிருக்கிறார்கள்.
தண்ணீருக்கு அடியில் என்ன என்று
யாரும் கேட்கவில்லை.
ஆறுதலாக இருந்தது.
ஆறுதலாக இருந்தது பிடிக்கவில்லை.

திரும்பும் வழியில்
மடியில் கிடந்த மூங்கில் சொட்டிக்கொண்டிருந்தது.
"உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள்,
நாலாவது வெளுத்துப்போயிருக்கிறது.
ஏறி வண்ணம் பூசட்டும்,
புதிதாகவே மாட்டட்டும்.
இடத்தை மட்டும் நகர்த்த வேண்டாம்."

தலையாட்டினேன்.
பந்துகளை மாட்டுவது எந்தப் பிரிவு என்று
எனக்கே தெரியாது.