மாப் பொட்டு

வெரேனாவின் விமானத்துக்கு மூக்கு நீளம்.
தரையில் நிற்கும்போது அது வானத்தைத்தான் பார்க்கும்.
அவளோ ஐந்தடி ஒரு அங்குலம்.
ஓடுபாதை எங்கே, எங்கே என்று
இடமும் வலமும் பாம்பாய் வளைந்து
விசாரித்துக்கொண்டே போவாள்.

இரண்டு தலையணை வைத்தோம்.
கண் உயர்ந்தது. உச்சந்தலை கூரையில் இடித்தது.
மூக்கைக் குறைக்கலாம் என்றால்
உள்ளே எஞ்சின் குடியிருக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கண்ணாடிதான் மோசம்.
தட்டையாக இரண்டு துண்டு,
நடுவே ஒரு சட்டம், இரண்டு விரல் அகலம்.
இரண்டு விரலை முகத்துக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள்,
ஜூரா மலையில் ஒரு ஊர் காணாமல் போகும்.

போன ஓகஸ்ட்டில் அங்கே ஒரு கிளைடர் இருந்தது.
வெள்ளை. சத்தமே இல்லை.
சட்டத்தின் பின்னாலிருந்து அது வெளியே வந்தபோது
உள்ளே இருந்தவனின் தொப்பி தெரிந்ததாம்.
மஞ்சள், என்றாள்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த நாள் எங்கள் தெருவில்
அவள் போட்ட தபாலெல்லாம் பெட்டி மாறி விழுந்தது.
என் வரிக் கடிதம் பல் வைத்தியர் வீட்டில்.

கடிதத்தைத் திருப்பித் தர வந்தவள் கேட்டாள்:
"உன் போறணை எவ்வளவு அகலம்?"

லாங்கன்தாலில் ஒரு பேக்கரி, எனக்கு இரவு வேலை.
இரண்டு மணிக்குப் பாண், நாலு மணிக்குக் குரோசான்.
சனி இரவு மட்டும் போறணை சும்மா கிடக்கும்.
முதலாளி ஹூர்ட்செலர் அம்மா
"மணக்குமா?" என்று ஒரு கேள்விதான் கேட்டார்.
மணக்கும் என்றோம். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார்.

நாலு மில்லிமீட்டர் அக்ரிலிக் தகடு.
மர அச்சின்மேல் ஃப்ளானல் விரித்தோம்,
வெரேனாவின் பழைய இரவுச் சட்டை, நீலப் பூப் போட்டது.
முதல் தகடு அப்பளமாய்க் கொப்பளித்தது.
இரண்டாவதில் சட்டையின் தையல் அப்படியே பதிந்தது.
மூன்றாவதற்குக் காசு இல்லை, ஆனாலும் வாங்கினாள்.

நூற்று ஐம்பத்தைந்து பாகை.
போறணைக் கதவருகே குந்தியிருந்தேன்.
பாண் என்றால் நிறம் சொல்லும்.
இது வெந்தாலும் ஒன்றுதான், வேகாவிட்டாலும் ஒன்றுதான்.
ஒரு மூலை மட்டும் மெல்லத்
தூக்கம் வந்த பிள்ளையின் கழுத்தாய்த் தொய்ந்தது.
"இப்ப!"
நாலு கை, இரண்டு சோடிக் கையுறை.
தகடு ஈரப் போர்வைபோல் அச்சில் விழுந்து படுத்தது.
விடியும்வரை அதைத் தொடவில்லை.

பூட்டி முடித்த அன்று
வெரேனா ஏறி உட்கார்ந்து
சட்டம் இருந்த இடத்தில் கையை நீட்டி
வெறும் காற்றைத் தடவிப் பார்த்தாள்.

ஒக்டோபரில் என்னை ஏற்றிப் போனாள்.
ஆறே நதியின் மேல் மூடுபனி, கீழே ஊர்கள் இல்லை.
"கண்ணாடியில் நகர்கிற புள்ளிக்குப் பயப்படாதே,
அது பாட்டுக்குக் கடந்து போய்விடும்.
நகராமல் நிற்கிறதே,
அதுதான் உன்னிடம் வருவது."

பார்த்தேன்.
இடப்பக்கம், அடிவானத்துக்குச் சற்று மேலே
கறுப்பாக ஒன்று.
எட்டு எண்ணினேன். நகரவில்லை.
பத்து.
"வெரேனா!" என்று கத்தியது யார் குரலோ.
அவள் வலப்பக்கம் சாய்த்தாள்.
ஆல்ப்ஸ் முழுவதும் ஒரு தட்டுச் சாமானாய்ச் சரிந்தது,
புள்ளியும் எங்களோடு சேர்ந்து சாய்ந்தது.

அவள் எட்டி நகத்தால் சுரண்டினாள்.
"மா," என்றாள்.

என்னுடைய மா.
ஏப்ரனிலிருந்தோ தலைமயிரிலிருந்தோ பறந்து
சூட்டில் விழுந்து ஊறிப்போனது.
வெளிச்சத்துக்கு எதிரே வெள்ளையும் கறுப்புத்தான்.
தரை இறங்கும்வரை சிரித்தாள்,
நான் சிரிக்க இன்னும் இரண்டு நாள் ஆயிற்று.

தேய்த்தால் போகும்.
தேய்த்த இடம் குழிந்து
ஒரு விமானத்தை இரண்டாய்க் காட்டும் என்றாள்.
விட்டுவிட்டோம்.

இப்போது பறக்கும்போதெல்லாம்
தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்துகிறேன்.
பொட்டு மலையை விட்டு விலகினால் அது நம்முடையது.
அதற்கும் பிறகும் இன்னொரு தரம் நகர்த்துகிறேன்,
அதன் பின்னால் மஞ்சளாய்
ஏதாவது இருக்கிறதா என்று.