கேட் மூடியிருக்கும் நேரம்

எம்.சி. ரோட்டில் பிலோவுக்கு நிச்சயதார்த்தப் புடவை.
நான்காவது கடை.
ஒரு ட்யூப்லைட் துடித்துக்கொண்டிருக்கிறது,
என்னைத் தவிர யாருக்கும் அது துடிக்கவில்லை.

அரக்கா மெரூனா என்று கேட்கிறாள்.
அரக்கு என்றதும் சீல்,
சீல் என்றதும் நேற்று யார்டுக்குள்
சீல் உடைந்து வந்த நாற்பதடிப் பெட்டி,
டில்லிபாபு அதைப் பதிவேட்டில் ஏற்றினாரா,
ஏற்றாவிட்டால் கீழே இருப்பது என் கையெழுத்து,
கையெழுத்தில் ‘செலின்’ ஒரு பக்கம் சாய்கிறதென்று
ஐந்தாம் வகுப்பில் சொன்ன டீச்சர்
வாட்ச்சை வலது கையில் கட்டியிருந்தார்,
வலது கையில் கட்டினால் சாவி கொடுப்பது எப்படி,
அந்த வாட்ச் இப்போது யாரிடம்

“ஏய், உன்னத்தான். அரக்கா? மெரூனா?”

அதற்குள் கடைக்காரர் இன்னும் ஆறு பிரித்துவிட்டார்.
ஜரிகைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசுகின்றன.
பக்கத்தில் ஒரு குழந்தை பிளாஸ்டிக் கவரைக்
கசக்குகிறது, கசக்குகிறது, என் பல்லில் கசக்குகிறது.
“தண்ணி” என்றேன்.
தாகமில்லை.
வாயில் மிச்சமிருந்தது அந்தச் சொல் ஒன்றுதான்.

முன்பென்றால் சீன் போடாதே என்பாள்.
இரண்டு வருடத்துக்கு முன், என் இருபத்தொன்பதில்,
டாக்டர் ஒருவர் ஆட்டிசம் என்று எழுதித் தந்த தாளை
அம்மா கரண்ட் பில்லோடு மடித்து
ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள்.
பிலோ மட்டும் எடுத்துப் படித்தாள்.
பிறகு எதுவும் பேசவில்லை. மிக்சி போடும்முன்
“போடப் போறேன்” என்று
குரல் கொடுக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான்.

இப்போதும் என் தோளைத் தொடாமல் சொல்கிறாள்:
“நீ கேட்டுக்குப் போ. நான் பாத்துக்கறேன்.”

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
அப்பாடா.
ஊரே சபிக்கும் கேட் இது.
“இன்னா சார், இன்னிக்குள்ள தொறப்பியா?”
தண்ணி சொட்டும் மீன் வண்டி,
ஸ்கூல் பையோடு மூன்று பேர் ஒரு ஸ்கூட்டரில்,
டப்பா கட்டின டெலிவரி பையன்,
எல்லாரும் நிற்கிறார்கள்.
நான் மட்டும் நின்றால் வினோதம்.
இங்கே நிற்பதுதான் வேலை.

கூட்ஸ் வருகிறது. துறைமுகத்துப் பெட்டிகள்.
நான்கு எழுத்து, ஆறு எண்,
கடைசியாகக் கட்டத்துக்குள் ஒற்றை எண்.
அந்தக் கடைசி எண் மற்றதெல்லாம் சரியா என்று சொல்லிவிடும்.
ஏ என்றால் பத்து. பி என்றால் பன்னிரண்டு.
பதினொன்று கிடையாது.
இருபத்திரண்டு, முப்பத்துமூன்று, அவையும் கிடையாது.
எதையெதை விட்டுவிட வேண்டும் என்று
முதலிலேயே சொல்லித் தந்த கணக்கு
என் வாழ்க்கையில் இது ஒன்றுதான்.
ஒன்றால், இரண்டால், நான்கால், எட்டால் பெருக்கிக்கொண்டே போய்க்
கூட்டிப் பதினொன்றால் வகுத்தால் மிச்சம் மூன்று.
கட்டத்துக்குள் மூன்று.
டீச்சரின் வாட்ச் நின்றுவிட்டது.
அடுத்தது ஏழு. ஏழு.
சீல் உடைந்த பெட்டி யார்டிலேயே இருக்கிறது, இருக்கட்டும்.
மணலிப் பக்கமிருந்து ஒரு வாடை வருகிறது,
வெறும் வாடையாக மட்டும் வருகிறது.

முப்பத்தொன்றாவது வண்டியில் கணக்கு பொருந்தவில்லை.
எட்டு வரவேண்டும், ஆறு இருந்தது.
பெயின்ட் உரிந்திருக்கலாம்.
மேற்கு வெயிலில் என் கண் வழுக்கியிருக்கலாம்.
பெட்டி போய்விட்டது.
ராத்திரி இரண்டு மணிக்கு அது என்னைத் தேடி வரும்,
தெரியும். வரட்டும்.
மீதி பதினான்கை எண்ணி முடித்தேன்.

கேட் ஏறியதும் இரண்டு பக்கமும் ஒரே பாய்ச்சல்.
ஹாரன் எல்லாம் சேர்ந்து ஒரே ஹாரன்.
காதில் விரல் வைத்துக்கொண்டு
கம்பத்தோரம் ஒதுங்குகிறேன்.
டெலிவரி பையன் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும்.

போனில் பிலோ.
புடவை போட்டோ ஒன்று. அரக்கு.
கீழே: பதில் போடாதே.

நான் போடவில்லை.
கேட்மேன் மறுபடி கைப்பிடியைச் சுற்றுகிறார்.
இன்னொரு வண்டி இருக்கிறதாம்.