முப்பத்திரண்டாவது நிமிடம்

புன்டா அரேனாஸில் காற்று வலுக்கும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுகிறார்கள்.
அதைப் பிடித்துக்கொண்டே மருத்துவமனைக்கு வந்தேன்.
பையில் சிகிச்சைக் கையேடு:
பதினோரு அமர்வுகள், தலைக்குத் தொண்ணூறு நிமிடம்.

நோல்பெர்த்தோவுக்குப் பயணிகள் படகில் தளவேலை.
கண்ணை மூடி, இப்போது நடப்பதுபோல் சொல்ல வேண்டும்.
சொல்கிறார்:
"இரும்புத் தளம் வழுக்குகிறது.
ஓஸ்வால்தோ எட்டுகிறான்.
கையுறை என் கைக்குள் இருக்கிறது.
கையுறை மட்டும்..."

"கொஞ்சம் தண்ணீர் குடிக்கிறீர்களா?"
என்றது ஒரு குரல்.
என்னுடையது.
குடித்தார். பிறகு அவர் மகளின்
பள்ளிக்கூடம் பற்றிப் பேசினோம்.

ஒலிப்பதிவு வால்டிவியாவுக்குப் போயிற்று.
நான் பார்த்தேயிராத ஒருவர்
அங்கே மழைக்குள் உட்கார்ந்து கேட்டு
கட்டங்களில் எண் இடுகிறார்.
மூச்சுப் பயிற்சி: ஐந்து. வீட்டுப்பாடம்: ஐந்து.
நினைவைவிட்டு நகராமல் உடனிருத்தல்: இரண்டு.
கீழே ஒரே வரி:
முப்பத்திரண்டாவது நிமிடத்தில் தாகம் யாருக்கு?

இரண்டு நாள் அந்த ஆள்மேல் கோபம்.
கையேட்டுக்கு என்ன தெரியும் என்று
பாத்திரங்களிடம் கேட்டுக்கொண்டே கழுவினேன்.

வியாழக்கிழமை அழைப்பில் ஐந்து முகங்கள்.
பதிவை ஓடவிட்டேன்.
யாரும் தேற்றவில்லை.
"நான் இருமுவேன்" என்றான் கொய்ஹைக்கேயிலிருந்து லௌதாரோ.
"சரியாக அந்த இடத்தில்.
ஆறு மாதமாகச் சளி என்றே நம்பியிருந்தேன்."
எதெல்மீரா ஜன்னலைத் திறப்பாளாம்,
ஜூலை மாதக் குளிரில்.
சிரித்து முடித்து ஒத்திகை பார்த்தோம்.
லௌதாரோ கண்ணை மூடி
கையுறைவரை வந்து நிறுத்தினான்.
நான் வாயைத் திறக்கக் கூடாது.
நாற்பது நொடி.
நடிப்பென்று தெரியும்;
உள்ளங்கைக்குத் தெரியவில்லை, வியர்த்தது.

அடுத்த செவ்வாய்
அவர் வருமுன்னே கண்ணாடிக் குவளையைக்
கைகழுவும் தொட்டியில் கொண்டுபோய் வைத்தேன்.
கையேட்டில் அப்படி ஒரு வரி கிடையாது.

"கையுறை மட்டும்" என்றார்.
நான் இருந்தேன்.
வெளியே ஏதோ தகரம் அடித்துக்கொண்டது.
"கையுறை மட்டும்.
உள்ளே இன்னும் சூடு இருக்கிறது."
இதை முன்பு நான் கேட்டதில்லை.
சொல்ல விட்டதில்லை.

"மறுபடி, முதலிலிருந்து" என்றேன்.
மூன்று முறை சொன்னார்.
மூன்றாவதில் பயம்
எண்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்கு வந்திருந்தது.
எழுதிக்கொண்டேன்.
கண் திறந்து மேசையைப் பார்த்தவர்,
"இங்கே தண்ணீர் வைத்திருப்பீர்களே?" என்றார்.