நானூற்று மூன்று

தலவாக்கலையில் மூன்று நாளாய் மழை.
டொங்கிளை ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டால் கட்டியிருக்கிறேன்,
அங்கேதான் இரண்டு கோடு சிக்னல்.
நூலகத்தை நிறுவ ஒரு வரிக் கட்டளை போதுமாம்.
அந்த ஒரு வரி இறங்கி முடிய
இரண்டு தரம் கரண்ட் போய் வந்தது.

டோக்கன் என்பது மூன்று துண்டு, இடையில் இரண்டு புள்ளி.
கையெழுத்தின் முறை முதலில்;
யார், என்ன செய்யலாம், எதுவரை என்பது நடுவில்;
கடைசியில் கையெழுத்து.
நடுத்துண்டை யாரும் பிரித்துப் படிக்கலாம்,
ஓர் எழுத்தை மாற்றினால் கையெழுத்து காட்டிக்கொடுக்கும்.
பூட்டு வேறு, முத்திரை வேறு.
இது விளங்க எனக்கு ஒரு முழு ராத்திரி.

துண்டு.
எங்கள் சனத்துக்குப் பழக்கமான சொல்தான்.
இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், கட்டினால் விடுகிறேன் என்று
துரை எழுதிய தாளுக்கும் ஒருகாலம் அதுவே பேர்.
அதில் காலாவதி நேரம் என்றொரு கட்டம் இல்லை.

ரகசியச் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டேன்.
அழித்தேன்.
பழைய பதிவுகளில் அது சிரித்துக்கொண்டு கிடந்தது.
சாவியையே மாற்றினேன்.

முதல் ஓட்டம்: நானூற்று ஒன்று.
இந்த டோக்கன் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை.
தேடித் தேடிக் கண் பூத்தபின் தெரிந்தது,
என் மடிக்கணினிக் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி.
ஆறே காலுக்கு ஹட்டன் பஸ்ஸைப் பிடிக்க
நானே தள்ளி வைத்தது.
கொழும்பு சேர்வருக்கு நான்
இன்னும் வராத நேரத்திலிருந்து வந்தவள்.

சரிசெய்தேன். கொழுந்து எடை போடும் செயலி திறந்தது.
மனேஜருக்குத் திறந்தது, கிளாக்கருக்கும்.
அடுத்த காம்பரா செல்லத்தங்கம் அக்காவின் பேரில்
சோதனைக் கணக்கொன்று போட்டு,
இன்றைய அவள் எடையைக் கேட்டேன்.

நானூற்று மூன்று.

ஒன்று என்றால், நீ யாரென்று தெரியாது.
மூன்று என்றால், நன்றாகத் தெரியும்,
ஆனால் உனக்கில்லை.

காலையில் பதினெட்டு என்று தராசில் பார்த்தாளாம்.
ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்து
பதினைந்தரை என்று ஏறி
அரைப் பேர் விழுந்தது.

கொழும்பு அனுப்பிய பட்டியலில் இல்லாத ஒரு வரி சேர்த்தேன்:
தொழிலாளி, தன் எடை, பார்க்கலாம்.
மாற்ற முடியாது. கழித்ததையும் பார்க்கலாம்.

"இதை யார் கேட்டது?" என்று நிரோமி எழுதினாள்.
பதிலை அடித்து, அழித்து, அடித்துக்கொண்டிருக்க
பதினைந்து நிமிடம் முடிந்து
டோக்கன் என்னையே வெளியே தள்ளியது.

திரும்ப உள்ளே போனேன்.