சரிவு: ஆயிரத்துக்கு ஒன்று

வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணி.
வாரம் முடிந்து வண்டிச்சாவியைத் தேடும் நேரத்தில்தான்
ஆசிரியர் மேம்பாட்டுக்கு அரங்கம் கிடைக்கிறது.
சன்னலுக்கு வெளியே நிஸ்வா மலைகள்
வெந்து வெளுத்துக் கிடக்கின்றன.
உள்ளே பதினெட்டு டிகிரி.
துப்பட்டாவை இன்னொரு சுற்று சுற்றிக்கொள்கிறேன்.

பயிற்றுநர் ஆளுக்கொரு மஞ்சள் ஒட்டுத்தாள் தருகிறார்:
ஐந்தாண்டில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?

என் பணப்பையில் ஒரு குடியிருப்பு அட்டை இருக்கிறது.
இரண்டாண்டுக்கு மேல் எதையும் பார்க்க
அதற்குக் கண் கிடையாது.
வரும் மார்ச் ஒன்பதோடு அதுவும் மூடிக்கொள்ளும்.

பக்கத்து நாற்காலி முத்தஸிம், சூடான்காரர்,
இன்ஷா அல்லாஹ் என்று மட்டும் எழுதிச் சுவரில் ஒட்டினார்.
பயிற்றுநர் சிரித்தார்.
முத்தஸிம் சிரிக்கவில்லை.
அவர் படித்த கல்லூரியின் ஆய்வகம்
போன வருடம் எரிந்தது.

பதின்மூன்று வருடமாக நான் விரிவுரையாளர்.
வந்த புதிதில் பிள்ளைகள் 'தக்தோரா' என்பார்கள்.
இல்லை, இன்னும் இல்லை என்று திருத்துவேன்.
மூன்றாம் வருடம் திருத்துவதை விட்டேன்.
படிவங்கள் விடவில்லை.
பெயருக்கு முன்னால் உள்ள கட்டத்தில்
'திருமதி' என்று வந்து நிற்கிறது,
என் கணவரைக் கூட்டிவந்து
என் மேசையில் உட்காரவைத்த மாதிரி.

கோப்பில் முப்பத்தேழு சான்றிதழ்கள்.
விளைவுசார் கல்வி.
மறுபடியும் விளைவுசார் கல்வி.
வினாத்தாளுக்கு வினைச்சொல் தேர்வது எப்படி:
'வரையறு' கீழ்ப்படி,
'மதிப்பிடு' மேற்படி.
கீழ்ப்படிய எனக்குத் தெரியும்.
அதற்குத் தனிச் சான்றிதழ் தரவில்லை.

உதவிப் பேராசிரியர் ஆக மூன்று கட்டுரை வேண்டும்.
கையில் ஒன்றரை.
அந்த அரை, இவ்வூர் ஃபலஜைப் பற்றியது.
இரண்டு குளிர்காலம், ஆய்வக உதவியாளர் ரொஜேலியோவோடு
வாய்க்கால் ஓரம் குத்தவைத்து,
ஆரஞ்சுப் பழங்களை மிதக்கவிட்டு
நொடி எண்ணி ஓட்டம் அளந்தேன்.
அளந்து முடித்த மிதவைகளை
ரொஜேலியோ உரித்துத் தின்றார்.
இரண்டாம் மதிப்பீட்டாளர் எழுதினார்:
புதுமை போதாது.
சரிதான்.
அந்தத் தண்ணீர் நூற்றாண்டுகளாக
அதையேதான் செய்கிறது.

போன மாதம் என் ஆண்டறிக்கையில் கையெழுத்திட்டவள்
துறைத்தலைவி ஷம்சா.
எனது முதல் வகுப்பில்
பெர்னோலியில் ஐம்பத்திரண்டு வாங்கியவள்.
உட்காருங்கள் தக்தோரா, என்றாள்.
செப்டம்பரில் இரண்டு ஓமானியர் சேர்கிறார்கள்,
ஒரு இடம் உங்களுடையதாக இருக்கலாம்,
நிகழ்தகவு நாற்பது சதவீதம், என்றாள்.
சுற்றி வளைக்கவில்லை.
விடை தப்பானாலும் அலகை விடாமல் எழுதும் பிள்ளை
அப்போதே.

ஒட்டுத்தாளில் என்ன எழுதினேன் என்றால்,
சரிவு, ஆயிரத்துக்கு ஒன்று.

இது இலக்கா, என்று பயிற்றுநர் கேட்டார்.
சொன்னேன்:
சரிவு கூடினால் தண்ணீர் தன் படுகையையே அரிக்கும்.
குறைந்தால் வண்டல் தங்கி வாய் அடைத்துக்கொள்ளும்.
மலைக்கடியில் இருட்டில் ஊறுவது
பேரீச்சந்தோப்பு வரை வந்து சேர வேண்டுமென்றால்
யாரும் கவனிக்காத அளவுக்கு
இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.
அவர் தலையாட்டினார். படம் எடுத்துக்கொண்டார்.
'மற்றவை' என்ற பத்தியில் ஒட்டினார்.

நாலே காலுக்கு விட்டார்கள்.
முத்தஸிமின் வண்டியில் ஏறி, வழியில் கரக் தேநீர்.
இருவரும் ஐந்தாண்டைப் பற்றிப் பேசவில்லை,
டயர் விலையைப் பற்றிப் பேசினோம்.

இரவு மின்னஞ்சலில் வந்தது
முப்பத்தெட்டாவது சான்றிதழ்.
என் பெயரில் ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.
முன்னால் மட்டும் 'டாக்டர்'.

நெல்லையில் பதிந்த ஆய்வுக்கு
ஆறாம் வருடக் கட்டணம் கட்டிய ரசீது
அதே திரையில், இரண்டு வரி கீழே.

திருத்தச் சொல்லி எழுத வேண்டும்.
எழுதலாம்,
ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறக்கட்டும்.