வேண்டாம் முதலில்

பொத்தானை அழுத்தியதும் பேசாதே.
ஒரு மூச்சு விட்டுப் பேசு;
இல்லையென்றால் முதல் சொல்லைக் காற்று தின்றுவிடும்.
கட்டைவிரலைச் சீக்கிரம் எடுத்தால்
கடைசிச் சொல் போய்விடும்.
பயிற்சியில் சொன்னது அவ்வளவுதான்.

நம் மொழி தன் மறுப்பைக்
கடைசியில்தான் வைத்திருக்கிறது என்று
யாரும் சொல்லவில்லை.

கொடுங்கையூர்க் குப்பைமேட்டில்
மூன்றாம் இரவு.
எழில் நகரில் மூடிக்கிடந்த டீக்கடை முன்னால்
வயர்லெஸ் வேனுக்குள் நான்.
கண்ணாடி முழுக்கப் புகை.
டயர், பால் உறை, யாரோ படுத்த மெத்தை
எல்லாம் ஒரே நாற்றமாகி மூக்கில் நின்றது.
தீயை நான் பார்க்கவேயில்லை.
எனக்கு அது காதில் எரிந்தது.

'தண்டையார்-ஒன்று, தண்ணி தீருது.'
'கழிவுநீர் நிலையத்துலேர்ந்து லாரி கெளம்பிடுச்சு, ஓவர்.'
மணலிக் கம்பெனி வண்டி வந்ததும்
அவர்கள் செட் எங்கள் செட்டோடு பேசவில்லை.
ஒரே நெருப்பு, இரண்டு அலைவரிசை.
கடைசியில் எங்கள் செட் ஒன்றை
அவர்கள் டிரைவர் கழுத்தில்
ஷூ கயிற்றால் கட்டி அனுப்பினோம்.
நடுவில் காசிமேட்டிலிருந்து எவனோ நுழைந்து
ஐஸ் என்ன விலை என்றான்.
'லைனை விடுங்க' என்றேன்.
'கோச்சுக்காத தாயி' என்று போனான்.

இரண்டு மணி பத்து நிமிடம்.
வியாசை-இரண்டு மேட்டின் உச்சியில்:
'கண்ட்ரோல்... வடக்குச் சரிவு...
பைப்ப தூக்கிகினு மேல வர—'

வர.

வரலாமா, வரவேணாமா?
கீழே நான்கு பேர்
தோளில் பைப்போடு நிற்கிறார்கள்.
'கண்ட்ரோல், ஏறவா?'
'நில்லுங்க.'
'வியாசை-இரண்டு, திருப்பிச் சொல்லு.'
எண்ணெயில் அப்பளம் விழுந்ததுபோல் ஓர் இரைச்சல்.
'வியாசை-இரண்டு.'
இருமல். அதுவும் பாதி.

அலையில் பெயர் சொல்லக்கூடாது. விதி.
'தேசிங்கு' என்றேன்.
'தேசிங்கு, பேசாத.
ஏறலாம்னா பொத்தான ஒருவாட்டி அழுத்து.
வேணாம்னா ரெண்டு வாட்டி.'

டக்.

நான் முட்டாள்.
ஒன்று என்பது முடிந்த ஒன்றா,
இரண்டின் முதல் பாதியா?
எவ்வளவு நேரம் காத்திருந்தால் அது சம்மதம்?
கீழே பைப் கனக்கிறது.
எவனோ மறுபடி 'ஏறவா' என்கிறான்,
அவன் பேசுகிற வரைக்கும்
இன்னொரு டக் வந்தாலும் எனக்குக் கேட்காது.
வாயை மூடு, வாயை மூடு,
என் விரலைப் பொத்தானிலிருந்து விலக்கி
மடிமேல் வைத்துக்கொண்டேன்.

டக்.
பிறகு இன்னொன்று. இன்னொன்று.
எண்ணிக்கை விட்டுப்போய்,
பூட்டிய கதவைத் தட்டுகிறவனைப் போல.

'வேணாம்' என்றேன். 'வேணாம், ஏறவேணாம், வேணாம்.'

விடிவதற்கு முன்
வடக்குச் சரிவு ஒரு லாரி நீளத்துக்கு
உள்ளே இறங்கியது. மேலே சாம்பல் தோல்,
அடியில் எத்தனை வருடக் குப்பையோ, கனிந்துகொண்டு.
தேசிங்கு தெற்குப் பக்கமாக
உட்கார்ந்து உட்கார்ந்தே சறுக்கி வந்தான்.
ஒரு பூட்சின் அடி உருகியிருந்தது.
குரல் இல்லை. டீ வேண்டுமென்று
கையால் காட்டினான்.
ஊதி ஊதிக் குடித்தான்;
எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வேறு வந்தது.

பதிவேட்டில் எழுதினேன்:
'02.10, சமிக்ஞை பெறப்பட்டது, அணி நிறுத்தப்பட்டது.'
பெயர் சொன்னதை எழுதவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள்
மறுப்பை முன்னால் வைத்தே பேசுகிறார்கள்.
'வேணாம், திறக்க வேணாம்.'
'இல்ல, தண்ணி இல்ல.'
கேட்பவர்களுக்குச் சண்டை மாதிரி இருக்கும்.

போன சனிக்கிழமை எருக்கஞ்சேரியில்
தக்காளி நிறுத்தவன் கேட்டான்,
'கவரு வேணுமாக்கா?'
ஒரு மூச்சு விட்டேன்.
'வேணாம். கவர் வேணாம். வேணாம்.'
அவன் தராசிலிருந்து நிமிர்ந்தான்:
'ஒருவாட்டி சொன்னா கேக்காதாக்கா எனக்கு?'