நூற்றில் பன்னிரண்டு

இன்றிரவு இரண்டு மணிக்கு மின்சாரம் மலிவு
என்று இல்போ கைப்பேசியைக் காட்டினான்.
காற்று பலமாம். ஞாயிறு மாலை வரை விலை ஏறாதாம்.
இரண்டு மணிக்கு எழுந்து
கராஜில் ஹீட்டரைப் போட்டேன்.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
கொக்கோலாவின் கடல்
போன மாதமே கல்லாகிவிட்டது.

எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்கிறது கையேடு.
குளிர் என்றால் இருபது டிகிரியாம்.
அதை எழுதியவன் ஜப்பானில் எங்கோ
அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பான்.
இங்கே ஓர் எஞ்சினை
அவன் சொன்ன குளிருக்குக் கொண்டுவர
விடிய விடியச் சூடேற்ற வேண்டும்.

டேங்கைக் கழற்றினேன். ஏர்பாக்ஸைக் கழற்றினேன்.
ரேடியேட்டரைக் கயிற்றில் தொங்கவிட்டேன்.
நெடுஞ்சாலை எட்டில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள் நான்,
பதினெட்டு டன்னை ஒரு கையால் திருப்புவேன்.
ஃப்ரேமுக்கு அடியில் சிக்கிய இந்த வால்வு மூடி
என் மணிக்கட்டில் கொஞ்சம் தோலை வாங்கிக்கொண்டுதான்
வெளியே வந்தது.

உள்ளே பதினாறு வால்வுகள்
எண்ணெய்க் குளியல் முடித்து
வரிசையாக உட்கார்ந்திருந்தன.

வண்டியை எனக்கு விற்றவன்
செய்னாயோகிக்காரன், பெயர் தௌனோ.
அவன் பேசியது ஒரே வாக்கியம்:
"கேளுங்க, சத்தமே இல்ல."
அதற்காக முந்நூறு யூரோ கூடுதலாகக் கேட்டான்.
கொடுத்தேன்.
எங்கள் பக்கம் வாய் திறக்காதவனுக்கு மரியாதை அதிகம்.
எஞ்சினுக்கும் அதையே
நீட்டிவிட்டேன் போல.

கிராங்கைத் திருப்பி, குறியை நேர்ப்படுத்தி,
கேமுக்கும் பக்கெட்டுக்கும் நடுவே
ஃபீலர் தகட்டை விட்டேன்.
ஒட்டியும் ஒட்டாமலும் போக வேண்டும்;
வெண்ணெயில் கத்தி மாதிரியும் போகக்கூடாது,
முட்டி வளையவும் கூடாது.
விரலுக்குத்தான் தெரியும் அந்த இழுவை.
அட்டையில் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன்.

மூன்றாம் சிலிண்டர், எக்ஸாஸ்ட், இடதுபக்கம்.
பதினேழு நுழையவில்லை.
பதினைந்து, இல்லை.
பதின்மூன்றும் இல்லை.
மில்லிமீட்டரில் நூற்றில் பன்னிரண்டு
முனகிக்கொண்டு போனது.

அப்படியென்றால் இந்த வால்வு
சரியாக மூடுவதே இல்லை.
தன் சூட்டை இருக்கையில் இறக்கிவைக்க
ஒரு நொடி கிடைக்காமல்
பன்னிரண்டாயிரம் சுழற்சியில்
கோடை முழுக்க வெந்திருக்கிறது,
சத்தமே இல்லாமல்.

தௌனோ பொய் சொல்லவில்லை.
டிக் டிக் என்று அடித்துக்கொள்ளும் வால்வு
இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் தாங்கும்.
அடங்கிப்போனதுதான் எரியும்.

ஞாயிற்றுக்கிழமை. கடை பூட்டியிருக்கும்.
அட்டையை மறுபடி பார்த்தேன்.
இரண்டாம் சிலிண்டரின் இன்டேக் ஒன்று
எல்லை தாண்டி இருபத்திரண்டில் தளர்ந்து கிடந்தது.
கேம்களைத் தூக்கி, செயினைக் கம்பியில் கட்டி,
இரண்டு பக்கெட்டையும் காந்தத்தால் எடுத்தேன்.
தளர்ந்ததன் அடியில் 178.
இறுகியதன் அடியில் ஷிம்மே இல்லை.

செயின் இறங்கும் பள்ளத்தை எட்டிப்பார்த்தேன்.
துணி அடைத்தேனா? அடைத்தேன்.
மூலை விலகியிருந்ததா?
விலகியிருந்தது.
குந்தியபடி டார்ச் அடித்து
எண்ணெயில் என் முகம் தெரியும்வரை தேடினேன்.
எஞ்சினையே இறக்க வேண்டுமோ என்று
வயிறு கலங்கியது.

பிறகுதான் கையிலிருந்த பக்கெட்டைக் கவிழ்த்தேன்.
உட்புறத்தில் எண்ணெய்ப் பசையில்
பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, 185.

ஒன்றை ஒன்றின் இடத்தில் வைத்தேன், அவ்வளவுதான்.
இதன் மிச்சம் அதன் குறைக்குப் போனது.
பத்தொன்பதரை. பதினாலரை.
ஒரு காசு செலவில்லை.
தனியாகச் சிரித்தேன்.

மாலை ஆறுக்குக் கதவைத் திறந்துவிட்டு
ஸ்டார்ட் செய்தேன்.
வெள்ளைப் புகையினூடே
மூன்றாம் சிலிண்டர் பக்கம் மெல்ல
டிக், டிக்.

இல்போ மேல்கோட்டோடு வந்து நின்றான்.
"சத்தம் வருதே."
"வரணும்."
அவன் கேட்டுக்கொண்டே நின்றான்,
பனியில் வழக்கமாக நிற்பதைவிட அதிக நேரம்.
பிறகு கைப்பேசியைப் பார்த்து,
"விலை ஏறிடுச்சு, அணைச்சிடு" என்றான்.

அணைத்தேன்,
ஹீட்டரை.